மேகநாத சாகா

திண்டுக்கல் மாவட்டத்துக் கீரனூர், பழனிக்கு வடக்கே பரந்து கிடக்கும் சமவெளியில் அமைந்த ஊராகும். அவ்வூர்ப் புறத்தே நின்று தெற்கே நோக்குவார்க்கு, வான விளிம்பில் பழனி மலைத்தொடர் நீல நிறங்கொண்டு நெடிது கிடப்பது தோன்றும். அம்மலைமேல் உள்ளது கொடைக்கானல். அங்கே கதிரவனை ஆராய்வதற்கென ஓர் ஆய்வுக்கூடம் 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. சமவெளியில் உழவர் கதிரவனைத் தொழுது ஏர் பூட்டும் காலைப் பொழுதில், மலைமேல் வாழும் அறிஞர் அக்கதிரவனையே ஒளிப்படம் எடுத்து ஆராய்வர். சுண்ணாம்பிலே கலந்துள்ள கால்சியம் என்னும் தனிமம் வெளியிடும் ஊதா ஒளியை மட்டும் பிரித்தெடுத்து, அவ்வொளியினாலேயே கதிரவனைப் படம் பிடிக்கும் வழக்கம் அங்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே இருந்து வந்தது.

அவ்வொளியில் ஒரு புதிர் மறைந்திருந்தது. அதனை வெளியிடுவது முழுமையான கால்சிய அணு அன்று. தன் எலக்ட்ரான்களுள் ஒன்றை இழந்த அணுவேயாகும். கதிரவனின் மேற்பரப்பை ஒட்டிய தாழ்ந்த பகுதியில் முழு அணுக்களின் ஒளி காணப்பெற்றது. பல்லாயிரம் கிலோமீட்டர் உயரத்திலோ, எலக்ட்ரானை இழந்த அணுக்களின் ஒளியே மேலோங்கி நின்றது. மேலே செல்லச் செல்ல வெம்மை குறையும் என்றே அக்கால அறிஞர் கருதினர். அவ்வாறாயின், வெம்மை குறைந்த இடத்தில் அணுக்கள் மிகுதியாகச் சிதைவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காணாது உலகம் மயங்கி நின்றது.

அம்மயக்கத்தை 1920-ஆம் ஆண்டில் தீர்த்தவர் மேகநாத சாகா என்பார். அப்பொழுது அவருக்கு வயது 26. அவர் செல்வக் குடியில் தோன்றியவர் அல்லர். ஒரு சிற்றூர் மளிகைக் கடைக்காரரின் மகனார் ஆவார்.

பிறப்பும் இளமையும்

மேகநாத சாகா 1893-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6-ஆம் நாள், டாக்கா நகரை அடுத்த சியோரதலி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தைச் சேர்ந்தது. தந்தையார் சகந்நாதர், தாயார் புவனேசுவரி. மக்கள் எண்மருள் இவர் ஐந்தாமவர். இவர் பிறந்த இரவில் இடியும் மழையும் கலந்து பெரும்புயல் வீசிற்று என்றும், அதுபற்றியே மேகத்தின் பெயரை இவருக்கு இட்டனர் என்றும் கூறுவர். முகிலிலே மெல்ல மெல்லத் திரண்ட மின்சாரம் இமைப்பொழுதிற் பாய்ந்து, காற்றைக் கதிரவனின் மேற்பரப்பினும் மிகுந்த வெம்மைக்கு உள்ளாக்குவதே மின்னலாகும். அத்தகைய வெம்மையின் இயல்பைப் பின்னாளில் உலகிற்கு உணர்த்தப்போகும் மகவிற்கு அப்பெயர் பொருத்தமாகவே வாய்த்தது.

தொடக்கப் பள்ளிக் கல்வி முடிந்ததும், மகனைக் கடையில் அமர்த்திக்கொள்ளவே தந்தையார் எண்ணினார். மேற்படிப்புக்குரிய பள்ளி ஊரில் இல்லை. வெளியூருக்கு அனுப்பப் பொருளும் இல்லை. ஆயினும் சிறுவனின் அறிவுக் கூர்மையை அறிந்த ஆசிரியரும் மூத்த தமையனாரும் தந்தையாரிடம் வேண்டிக்கொண்டனர். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் இருந்த சிமுலியா என்னும் ஊரில், அனந்தகுமார தாசர் என்னும் மருத்துவர் தம் இல்லத்தில் இடமும் உணவும் அளிக்க இசைந்தார். தாம் உண்ட கலத்தைத் தாமே கழுவுதலும் அவ்வீட்டுப் பசுவைப் பேணுதலும் சிறுவர் மேகநாதரின் கடமைகள் ஆயின. அவர் அவற்றை இழிவாகக் கருதவில்லை. பசுவுக்குப் புல்லிட்டுவிட்டுப் பாடம் படித்தார். தேர்வில் டாக்கா மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறித் திங்கள்தோறும் 4 உரூபாய் உதவித்தொகை பெற்றார்.

1905-ஆம் ஆண்டில் அவர் டாக்கா நகரத்து அரசினர் உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். ஆங்கில அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்த ஆண்டும் அதுவே. நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. பிரிக்கப்பட்ட கிழக்கு வங்காளத்தின் ஆளுநர் பாம்ஃபீல்டு ஃபுல்லர் வருகை தந்தபொழுது, மாணவர் பலர் எதிர்ப்புக் காட்டினர். அவர்களோடு சாகாவும் பள்ளியினின்று நீக்கப்பெற்றார், உதவித்தொகையும் பறிக்கப்பட்டது. நான்கு உரூபாயையே நம்பி வாழ்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அஃது எத்துணைப் பேரிழப்பு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊருக்குத் திரும்பிக் கடையில் அமர்வதே எளிய வழியாக இருந்தது. அவரோ மனந்தளரவில்லை. கிசோரிலால் சூபிலி பள்ளி என்னும் தனியார் பள்ளி அவரை ஏற்றுக்கொண்டு உதவியும் புரிந்தது. 1909-ஆம் ஆண்டு நடைபெற்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்காள மாணவர் அனைவருள்ளும் முதல்வராக அவர் விளங்கினார்.

கல்லூரி வாழ்க்கை

டாக்காக் கல்லூரியில் பயின்றபொழுது அவர் செருமன் மொழியையும் கற்றார். அந்நாளில் இயற்பியலின் புதுக் கருத்துகள் பெரும்பாலும் அம்மொழியிலேயே வெளிவந்தமையின், அக்கல்வி பின்னர்ப் பெரும்பயன் விளைத்தது. 1911-ஆம் ஆண்டில் கல்கத்தா மாநிலக் கல்லூரியை அடைந்தார். சகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ரேயும் அங்கு ஆசிரியர்களாக விளங்கினர். சத்தியேந்திரநாத போசு அவருடன் ஒரே வகுப்பிற் பயின்றார். கணிதத்தில் இளங்கலைத் தேர்வையும் 1915-ஆம் ஆண்டில் முதுகலைத் தேர்வையும் எழுதியபொழுது, போசு முதலிடமும் சாகா இரண்டாம் இடமும் பெற்றனர். போட்டி அவர்களுடைய நட்பைக் குலைக்கவில்லை. பின்னாளில் இருவரும் கூடி, ஐன்சுடைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளைச் செருமன் மொழியினின்று ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டனர்.

அறிவுலகம் அவரை வரவேற்றதுபோல் விடுதி அவரை வரவேற்கவில்லை. மாணவர் விடுதியில் மேற்குலத்தார் எனப்பட்டோர் சிலர், தம்முடன் ஒரே கூடத்தில் அவர் அமர்ந்து உண்பதை ஒப்பவில்லை. கலைமகளை வணங்கக் கூடியவர்களே கற்றவனைப் பிறப்பால் தள்ளிவைத்தனர். அத்துன்பம் அவருள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று. சாதி வேறுபாடு நாட்டின் உயிரையே உறிஞ்சும் நோய் என்னும் கருத்து வாழ்நாள் முழுதும் அவரிடம் உறுதியாக நின்றது.

படிப்பு முடிந்ததும் அரசாங்க நிதித்துறைத் தேர்வு எழுத அவர் விரும்பினார். நாட்டு விடுதலையை விழைந்தாரோடு தொடர்புடையவர் என்னும் ஐயத்தால் அரசு அதற்கு இசையவில்லை. குடும்பத்தைக் காக்க வேண்டிய அவர், மிதிவண்டியில் கல்கத்தாத் தெருக்களிற் சென்று பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் கற்பித்துப் பொருளீட்டினார். 1916-ஆம் ஆண்டில் ஆசுதோசு முகர்சியார் புதிய அறிவியற் கல்லூரியில் அவரை விரிவுரையாளராக அமர்த்தினார். அரசு மூடிய கதவினால் அறிவியல் ஓர் அறிஞரைப் பெற்றது.

சாகாவின் சமன்பாடு

அக்கல்லூரியிற் போதிய கருவிகள் இல்லை, பணமும் இல்லை. ஒளியின் அழுத்தத்தைப்பற்றி 1917-ஆம் ஆண்டில் அவர் எழுதிய நீண்ட கட்டுரையை அமெரிக்க இதழொன்று ஏற்க முன்வந்தது. ஆனால் அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஆசிரியரே தருதல் வேண்டும் என்றது. அத்தொகை சாகாவிடம் இல்லை. ஆதலின் அக்கட்டுரை உலகத்தார் கண்ணிற் படாத உள்ளூர் இதழிலேயே வெளிவந்தது. இத்தகைய தடைகளுக்கு இடையேதான் அவர் கதிரவனைப்பற்றிய நூல்களை ஆராய்ந்து, கால்சியத்தின் புதிரைப் பற்றிச் சிந்திக்கலானார்.

அவர் கண்ட விடையை ஓர் எளிய உவமையால் விளக்கலாம். கீரனூர்ச் சமவெளியில் உலையில் வைத்த நீர் ஏறத்தாழ 100 பாகையில் கொதிக்கும். அதே நீர் கொடைக்கானல் மலையில் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். மலைமேற் காற்றின் அழுத்தம் குறைவாதலின், நீர்த்துளிகள் ஆவியாகப் பிரிந்து செல்லுதல் எளிதாகின்றது. அணுவின் நிலையும் இத்தன்மையதே. வெம்மை மிகும்பொழுது அணுக்கள் ஒன்றோடொன்று மோதி எலக்ட்ரான்களை இழந்து அயனிகள் ஆகின்றன. பிரிந்த எலக்ட்ரான்கள் மீண்டும் அயனிகளைச் சேர முயல்கின்றன. அழுத்தம் மிகுந்த நெருக்கமான இடத்தில் அவை விரைவிற் சேர்ந்துவிடும். அழுத்தம் குறைந்த இடத்திலோ துணை தேடிக் காணாது பிரிந்தே திரியும். ஆகவே, எத்துணை அணுக்கள் சிதைந்து நிற்கும் என்பதை வெம்மை மட்டும் முடிவு செய்வதில்லை. அழுத்தமும் சேர்ந்தே முடிவு செய்கின்றது.

இவ்வுண்மையைச் சாகா ஒரு சமன்பாடாக வடித்தார். அவர் கணக்கின்படி, 6000 பாகை வெம்மையில் நமது காற்றுமண்டல அழுத்தம் இருப்பின், கால்சிய அணுக்களில் நூற்றுக்கு 8 மட்டுமே அயனிகளாகும். அழுத்தம் பதினாயிரத்தில் ஒரு பங்காகக் குறையின், நூற்றுக்கு 99 அணுக்கள் அயனிகளாகிவிடும். கதிரவனின் உயர்ந்த பகுதியில் முழு அணுக்கள் காணப்பெறாத காரணம் இதனால் தெளிவாயிற்று. 1920-ஆம் ஆண்டில் இக்கட்டுரை இங்கிலாந்து நாட்டு இதழொன்றில் வெளிவந்தது.

ஒரு கொள்கை மெய்யாதலை அது முன்கூட்டி உரைப்பது நிகழ்வதால் அறியலாம். உருபீடியம் என்னும் தனிமம் எளிதில் எலக்ட்ரானை இழப்பதாதலின், கதிரவனின் பொதுவான ஒளியில் அது தோன்றாது என்றும், வெம்மை குறைந்த கரும்புள்ளிகளின் ஒளியில் தோன்றும் என்றும் சாகா கூறினார். அமெரிக்க வானியலறிஞர் இரசல் கரும்புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்து, அங்கு உருபீடியம் இருப்பதைக் கண்டார். 1925-ஆம் ஆண்டில் செசிலியா பெயின் என்னும் பெண்மணி சாகாவின் சமன்பாட்டைக் கொண்டே விண்மீன்களை ஆராய்ந்து, அவற்றில் ஐதரசனும் ஈலியமும் மிக்குள்ளன என்னும் பேருண்மையை வெளியிட்டார்.

அயல்நாட்டிலும் தாய்நாட்டிலும்

உதவித்தொகை பெற்று ஐரோப்பா சென்ற சாகா, இலண்டனில் ஃபௌலரின் ஆய்வுக்கூடத்திலும் பெர்லினில் நெர்ன்சுட்டின் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றினார். 1921-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். 1923 முதல் 1938 வரை அலகாபாத்துப் பல்கலைக்கழகத்தில் இயற்பியற் பேராசிரியராக விளங்கினார். அங்கே வெற்றிடத்தில் கரிக்குழாயைச் சூடேற்றும் உலை ஒன்றை அமைத்துத் தம் கொள்கையைச் சோதனையாலும் ஆராய்ந்தார். 1927-ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. நோபல் பரிசுக்குப் பலமுறை அவர் பெயர் முன்மொழியப்பெற்றும், அப்பரிசு அவரை வந்தடையவில்லை. அதற்காக அவர் பணி ஒரு நாளும் நின்றதில்லை.

கதிரவனின் கட்புலனாகாக் கதிர்களைக் காற்றுமண்டலம் விழுங்கிவிடுகின்றது. ஆதலின் காற்றுமண்டலத்தின் மேலடுக்கில் ஆய்வுக்கூடம் அமைத்துக் கதிரவனை நோக்குதல் வேண்டும் என்று 1937-ஆம் ஆண்டில் அவர் எழுதினார். அக்காலத்தில் அஃது எட்டாக் கனியாகவே இருந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின்னர் அமெரிக்க அறிஞர் ஏவுகணைகளில் கருவிகளை ஏற்றியனுப்பி, கதிரவனின் புறவூதாக் கதிர்களையும் மென் எக்ஸ் கதிர்களையும் கண்டனர்.

1938-ஆம் ஆண்டில் கல்கத்தா திரும்பிய சாகா, அணுக்கரு ஆராய்ச்சிக்கென ஒரு நிறுவனம் அமைக்க அரும்பாடுபட்டார். 1950-ஆம் ஆண்டு அதனை ஐரீன் சோலியோ கியூரி அம்மையார் திறந்து வைத்தார். இன்று அது சாகாவின் பெயராலேயே வழங்குகின்றது.

அறிஞர் ஆய்வுக்கூடத்தினுள் அடங்கியிருத்தல் போதாது என்பது அவர் கருத்து. இளமையில் ஊரைச் சூழ்ந்த வெள்ளத்தைக் கண்டு வளர்ந்தவராதலின், ஆற்று வெள்ளத்தை அடக்கும் திட்டங்களைப்பற்றி இடைவிடாது எழுதினார். தாமோதர நதித் திட்டம் உருவாகவும் துணைநின்றார். 1952-ஆம் ஆண்டில் எக்கட்சியையும் சாராது தேர்தலில் நின்று நாடாளுமன்ற உறுப்பினரானார். நாட்டின் பல்வேறு பஞ்சாங்கங்களை ஆராய்ந்த குழுவிற்கும் தலைமை தாங்கினார். அக்குழு வகுத்த தேசிய நாட்காட்டி 1957-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனைக் காண அவர் இல்லை. 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள், புதுதில்லியில் திட்டக்குழு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் விழுந்து உயிர்நீத்தார்.

அவர் வழிவந்த ஆராய்ச்சி

அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து, அயனிகளும் எலக்ட்ரான்களுமாகக் கலந்து நிற்கும் நிலையைப் பிளாஸ்மா என்பர். மண்ணுலகில் அரிதாகிய அந்நிலையே விண்மீன்களின் இயல்பான நிலையாகும். அதனை ஆய்வுக்கூடத்திற் படைப்பது எங்ஙனம்? எந்த உலையும் அத்துணை வெம்மையைத் தாங்காது, உலையே உருகிவிடும். இதற்கு ஒரு வழியைச் சாகாவின் கட்டுரை வெளிவந்த அதே 1920-ஆம் ஆண்டில் ஆண்டர்சன் என்னும் அமெரிக்க அறிஞர் காட்டினார். அவர் மின்தேக்கியிற் சேர்த்து வைத்த மின்சாரத்தை ஒரு மெல்லிய கம்பியில் திடீரெனப் பாய்ச்சினார். கம்பி வெடித்து ஆவியாகி, கதிரவனின் மேற்பரப்பினும் மிகுந்த வெம்மையோடு ஒளிவிட்டது.

இம்முறையில் வியப்பிற்குரியது யாது? துளித்துளியாகக் குளத்தில் நிறைந்த நீரை மதகு திறந்து ஒரே கணத்தில் விடுவோமாயின், அது கரையையே உடைத்துச் செல்லும் வலிமை பெறும். நீரின் அளவு மிகவில்லை. வெளியேறும் காலமே குறைந்தது. அவ்வாறே, மெல்லச் சேர்த்த மின்னாற்றலை நொடியின் நுண்ணிய பங்கில் வெளிவிடும் முறையைத் துடிப்பாற்றல் முறை என்பர். ஒரே திசையில் மின்னோட்டம் செல்லும் கம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்பது இயற்பியல் விதி. ஆதலின் வட்டமாக நிறுத்திய நுண்கம்பிகளில் பெரும் மின்னோட்டம் பாயும்பொழுது, அவை ஆவியாகிப் பிளாஸ்மாவாகித் தம் காந்த ஆற்றலாலேயே நடுவிடம் நோக்கி நெருக்குண்டு மோதுகின்றன. வெம்மை பத்து இலட்சம் பாகையையும் கடக்கின்றது.

பொருளின் வெம்மை மிக மிக, அது விடும் ஒளியின் அலைநீளம் குறையும். 6000 பாகையில் கண்ணுக்குப் புலனாகும் ஒளி பிறக்கும். பத்து இலட்சம் பாகையில் மென் எக்ஸ் கதிர்கள் பிறக்கும். மருத்துவர் எலும்பைக் காணப் பயன்படுத்தும் கதிர்கள் உடலை ஊடுருவிச் செல்வன. மென் எக்ஸ் கதிர்களோ சிறிதளவு காற்றினாலேயே விழுங்கப்படுவன. ஆதலின் இச்சோதனைகள் வெற்றிடத்திலேயே நிகழ்த்தப்பெறும்.

அமெரிக்காவில் சாண்டியா ஆய்வகத்திலுள்ள இசட் என்னும் பெரும்பொறி, 2 கோடி ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தை நொடியின் கோடியில் ஒரு பங்கு அளவான காலத்திற் பாய்ச்சி, மிகச் செறிந்த எக்ஸ் கதிர்களைத் தோற்றுவிக்கின்றது. அக்கதிர்களைக் கொண்டு இரும்பைக் கதிரவனின் உட்பகுதியிலுள்ள நிலைக்கு ஏற்றி அறிஞர் ஆராய்ந்தனர். அந்நிலையில் இரும்பு ஒளியைத் தடுக்கும் திறன், கணக்கிட்டதைவிடச் சில அலைநீளங்களில் 30 முதல் 400 விழுக்காடு வரை மிகுந்திருந்தது என 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கதிரவனைப்பற்றி நாம் இன்னும் கற்க வேண்டியது உண்டு என்பதற்கு இது சான்று. நம் நாட்டிலும் மும்பைக்கு அடுத்த திராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் துடிப்பாற்றல் பொறிகள் அமைக்கப்பெற்றுச் சோதனைகள் நடைபெறுகின்றன.

கதிரவனின் மேலடுக்கில் வெம்மை குறைவதற்கு மாறாக மிகுந்து, பத்து இலட்சம் பாகைக்கு மேலும் உயர்கின்றது என்பதும் பின்னர்த் தெளிந்த உண்மையாகும். அடர்த்தி மிகக் குறைந்த அவ்விடத்திற்குச் சாகாவின் சமன்பாடு நேரே பொருந்தாது. வேறு கணக்குகள் வேண்டும். ஆயினும், வெம்மையும் நெருக்கமும் கூடி அணுவின் நிலையை முடிவு செய்கின்றன என்று அவர் இட்ட அடிப்படையின் மேலேயே இவ்வாராய்ச்சிகள் யாவும் எழுந்துள்ளன. அவர் 1937-ஆம் ஆண்டிற் கண்ட கனவை நிறைவேற்றுவதுபோல, நம் நாட்டு ஆதித்தியா விண்கலம் 2023-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் ஏவப்பெற்றது. கதிரவனின் மென் எக்ஸ் கதிர்களை அளக்கும் கருவியும் அதில் உள்ளது.

ஏழைமை அவரைக் கடையில் அமர்த்த முயன்றது. அரசு பள்ளியை விட்டு விலக்கியது. சாதி உணவுக்கூடத்தை விட்டு விலக்கியது. பொருளின்மை அவர் கட்டுரையை உலகம் காணாது மறைத்தது. ஒவ்வொரு தடையின்போதும் கைகொடுக்க ஒருவர் இருந்தார் என்பதையும் மறத்தல் ஆகாது. இடங்கொடுத்த மருத்துவர், வாதாடிய ஆசிரியர், ஏற்றுக்கொண்ட பள்ளி, பணியளித்த பெரியார் ஆகிய இவர்களுள் ஒருவர் இல்லையாயினும் அச்சுடர் அணைந்திருத்தல் கூடும். ஆதலின் கற்க விழையும் மாணவர் சாகாவைப்போல் தளராது முயல்வாராக. வசதியுடையார், கற்க விழையும் ஏழைச் சிறுவனுக்கு அம்மருத்துவரைப்போல் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைப்பாராக.